ஞாயிற்றுக்கிழமை கொடியில் கிடந்த துணி

1

என் வீட்டில் மூன்று பெண்கள். மூவரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். மனைவி சிவகாமி அதைத் தமிழில் சொல்வாள். இளையவள் மல்லிகா ஆங்கிலத்தில் சொல்வாள். மூத்தவள் வசந்தா ஏழாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கடிதத்தில் எழுதுவாள். நான் மறுப்பதில்லை. வேதாரண்யத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறியபோது பயந்தேன். ஜப்பான்காரன் வந்தபோது மூன்றரை வருஷம் பயந்தே கழித்தேன். இப்போது லிஃப்டில் ஏறும்போதுகூட, கதவு திறக்கிற வரைக்கும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் வசந்தாவின் கடிதம் வந்தது. சிங்கப்பூர் புக்கிட் மேராவில் எங்களுக்குக் கிடைத்த அரசாங்க அடுக்குமாடி வீட்டில், ஏழாவது மாடிச் சன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இங்கே துணி உலர்த்த முற்றம் கிடையாது. மூங்கில் கழியில் துணியைக் கோத்து, சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டி வைக்க வேண்டியதுதான். முதல் தூறல் விழுந்ததும் கீழ்வீட்டுச் சீன அம்மாள் "ஹுஜான்! ஹுஜான்!" என்று மலாயில் குரல் கொடுப்பாள். மழை வருகிறது என்று அர்த்தம். அந்தக் குரலுக்கு எல்லா மாடியிலும் கழிகள் உள்ளே போய்விடும். அன்றைக்கு எங்கள் கழி மட்டும் போகவில்லை. சிவகாமி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி இருந்தேன்.

சற்று நேரத்தில் கதவு தடதடவென்று இடிபட்டது. சீன அம்மாள் மாடியேறி வந்து மூச்சு வாங்க நின்றாள். துணி நனைகிறதே, உள்ளே ஆள் இருக்கிறீர்களா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று அரைகுறை மலாயில் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பொய்தான் சொன்னேன்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். வசந்தா தாதியாக வேலை பார்க்கும் தீவில் அவளுடைய மூன்று வருஷ ஒப்பந்தம் முடிகிறது. அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடும்படி அவர்கள் கேட்கிறார்கள். 'எனக்கு இருக்க ஆசைதான் அப்பா. ஆனா நீங்க வான்னா வந்துடறேன். மாசக் கடைசிக்குள்ள பதில் எழுதுங்க.'

2

அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் நானும் கேட்டேன். லண்டன் தெரியும், ஸ்காட்லாந்து தெரியும். வசந்தா படித்துத் தேறியது ஸ்காட்லாந்தில்தான். அங்கிருந்தும் வடமேற்கே கப்பலேறிப் போக வேண்டும் என்று அவள் எழுதியபோது, அதற்கு மேலும் ஊர் இருக்கிறதா என்று நினைத்தேன்.

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. ஆபீசில் பெரிய அட்லஸ் உண்டு. திறந்து பார்த்தேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி, தெற்கு வடக்காக நூற்றுமுப்பது மைலுக்கு ஒரு தீவு வரிசை கிடந்தது. வடக்கே லூயிஸ்; வசந்தா போனது அங்கேதான். அதனோடு ஒட்டியே மலைப்பாங்கான ஹாரிஸ். அதற்குக் கீழே இரண்டு யூயிஸ்ட். கடைசியில் பார்ரா. வரிசைக்கு மேற்கே வெறும் கடல். விரலை வைத்து நகர்த்தினேன், கனடா வரைக்கும் விரல் எதிலும் இடிக்கவில்லை. அந்த ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று சிவகாமி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

அந்த மாதமே எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு சரக்குக் கப்பலின் இரண்டாவது இஞ்சினியர் லூயிஸ்காரர் என்று தெரிந்தது. முர்டோ என்று பெயர். கடிதம் வாங்க வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தேத்தண்ணீர் வரவழைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். மரமே கிடையாது; காற்று விடாது. அடுப்பெரிக்கப் புல்கரிக் கட்டிகளைச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்து, வீட்டுக்குப் பின்னால் அடுக்கிக்கொள்வார்கள். ஆண்களில் பாதிப்பேர் கப்பலில் இருப்பார்கள். மீதிப்பேர் ஆடு மேய்ப்பார்கள், மீன் பிடிப்பார்கள், கொட்டகையில் தறி போட்டுக் கம்பளித் துணி நெய்வார்கள். மார்கழி மாதத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். வீட்டுப் பேச்சு ஆங்கிலம் இல்லை, கேலிக். கிழவிகளில் சிலருக்கு ஆங்கிலம் சரியாகவும் வராது. தெற்குத் தீவுகளில் கத்தோலிக்கர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பந்தாட்டம்கூட உண்டு. வடக்கே அப்படியில்லை.

"வடக்கே எப்படி?" என்று கேட்டேன்.

"வடக்கே ஞாயிற்றுக்கிழமைன்னா ஞாயிற்றுக்கிழமைதான்," என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. நானும் கேட்காமல் விட்டேன். அன்றே கேட்டிருக்கலாம்.

3

அங்கே போன புதிதில் வசந்தாவின் கடிதங்கள் சந்தோஷமாகவே வந்தன. ஆபீஸ் காகிதங்களில் நமக்குக் குடும்பப் பெயர் இல்லாதது பெரிய தலைவலி. வைத்திலிங்கம் மகள் வசந்தா என்று எழுதினால், ஸ்காட்லாந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை மிஸ் வைத்திலிங்கம் ஆக்கினார்கள். ஒரு படிவத்தில் என்னையே மிஸ்டர் வசந்தா ஆக்கிவிட்டார்கள். அந்தத் தீவில் மட்டும் அந்தத் தொல்லை இல்லையாம். அங்கே ஊர் முழுக்க ஒரே குடும்பப் பெயர். அதனால் அது இருந்தும் பிரயோசனமில்லை. இயானின் மகன் டொனால்டு என்று அப்பன் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். புது ஆள் வந்தால் முதல் கேள்வியே யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான்.

'பக்கத்து வீட்டுக் கேட்டிப் பாட்டி உங்க பேரை நாலு நாள் சொல்லிப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டாங்க' என்று எழுதியிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களே மறந்துபோன என் பெயரை, மரமில்லாத ஒரு தீவில் யாரோ ஓர் அம்மாள் சொல்லிப் பழகுகிறாள் என்பது சின்ன விஷயமா?

ஆனால் கடிதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின. முதலில் ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் வந்தன. பிறகு வரிகள், பிறகு பக்கங்கள். மல்லிகா வாய்விட்டுப் படிக்க, நாங்கள் இருவரும் கேட்போம். "அப்பாவுக்கு அன்பு முத்தங்கள்" என்ற கடைசி வரி மட்டும் தமிழில் இருக்கும். அதுவும் சுருங்கி 'அன்புடன்' ஆனது.

4

பிறகு அந்த ஆடி மாதம் வந்தது. இங்கே மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம், ஊரடங்கு உத்தரவு. நாங்கள் அப்போது சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தோம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பூக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் பலகை போட்டு அடைத்துக் கிடந்தன. உத்தரவு தளர்ந்த சில மணி நேரத்தில் கைக்கு வந்தது வசந்தாவின் கடிதம். இந்த முறை முழுக்கத் தமிழில் எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

வாரம் முழுக்கப் பிரசவம், காயம், கிழவர்களுக்கு ஊசி என்று அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்ததும் துணி துவைத்திருக்கிறாள். இங்கே அவள் அம்மா செய்வதுதான். நல்ல வெயில், நல்ல காற்று. வீட்டுக்குப் பக்கத்துக் கொடியில் தாதி உடுப்பையும், போர்வையையும், ஒரு சிவப்புச் சேலையையும் உலர்த்தியிருக்கிறாள். அந்த வழியாகத்தான் ஊர் முழுவதும் ஞாயிறு ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போகிறது. கறுப்பு உடை போட்டுக்கொண்டு வந்தவர்கள் வரிசையாக நின்று கொடியைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்களாம். மறுநாளிலிருந்து கடையில் கேட்டதைக் கொடுத்தார்கள், முகம் கொடுக்கவில்லை. கேட்டி மட்டும் வாசலில் நின்றபடி சொல்லியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் ஓய்வுநாள், கொடியில் துணி கிடக்கக் கூடாது, தண்ணீர், புல்கரி எல்லாவற்றையும் சனிக்கிழமையே எடுத்து வைத்துவிட வேண்டும், சனிக்கிழமை இருட்டுவதற்குள் கொடி காலியாக இருக்க வேண்டும் என்று.

'இது என்ன அநியாயம்? நோயாளியைப் பாக்கறது மட்டும் ஞாயித்துக்கிழமை சரியா? அடுத்த வாரமும் வேணும்னே போடலாம்னு இருக்கேன்' என்று முடித்திருந்தாள்.

"சரியாத்தான் சொல்றா. போடட்டும் லா! யாரு என்ன செஞ்சிடுவாங்க?" என்றாள் மல்லிகா, இங்கத்துப் பிள்ளைகள் எதற்கும் சேர்க்கிற 'லா'வைச் சேர்த்து.

யார் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரை வெளியூரில் தங்கக் கூடாது. சோமு என்கிற உப்பளக்காரர் போய்த் தங்கிவிட்டு வந்தார். ஊர் அவர் வீட்டைத் தள்ளி வைத்தது. அடிக்கவில்லை, வையவில்லை, சும்மா பேசாமல் இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவர் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. அந்த வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. மருத்துவச்சி போகவில்லை. எங்கள் அம்மா எழுந்து வந்து சன்னலைச் சாத்தினாள். விடியற்காலையில் சத்தம் நின்றது. எங்கள் அம்மா கெட்டவள் அல்ல. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயம்.

ஆகவே அந்த ஊரடங்கு நேரத்தில், ராணுவ லாரி தெருவில் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வசந்தாவுக்கு எழுதினேன். 'அம்மா, நீ நியாயம் பேசாதே. சனிக்கிழமை இருட்டுவதற்குள் துணியை எடுத்துவிடு. ஒரு வாரம்கூடத் தவறாதே. உனக்கு ஒன்று என்றால் அந்த மனுஷர்கள்தான் வர வேண்டும். அவர்கள் வராமல் போய்விடக் கூடாது. உன் அப்பாவுக்காக இதைச் செய்.'

ஒரு மாதத்தில் பதில் வந்தது. 'சரி, எடுத்துடறேன். நீங்க ரொம்பப் பயப்படறீங்க அப்பா' என்று இரண்டே வரி. அதில் எரிச்சல் இருந்தது எனக்குத் தெரியும். பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

5

ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. வசந்தாவுக்கு விபத்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கடிதம் வருகிறது. கீழே ஒரு டாக்டரின் பெயர். அவ்வளவுதான்.

என்ன விபத்து? எப்போது? உயிருக்கு எப்படி? ஒன்றும் இல்லை. தந்தி ஆபீசுக்கு ஓடினேன். பதில் தந்தி கொடுக்க ஊர்ப் பெயரைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இப்படி ஓர் ஊர் லிஸ்டுலயே இல்லையே அண்ணே. சரியாப் பாத்தீங்களா?" என்றார். என் மகள் அந்த ஊரில்தான் கிடக்கிறாள் என்று கத்திவிட்டேன். அவர் பாவம், பெரிய அதிகாரியிடம் கேட்டு, பக்கத்திலிருந்த பட்டணத்துப் பெயரைப் போட்டு அனுப்பினார். அந்தப் பதில் தந்தி எங்கே போய்ச் சேர்ந்தது என்று இதுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பதினொரு நாள். சிவகாமி தினமும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொள்வாள். நான் ஆபீசில் அட்லஸைத் திறக்கவே இல்லை. அது இருந்த பக்கம் திரும்பாமல் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடினால் சோமு வீட்டுச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் இருந்தது என் மகள். சாத்தியிருந்த சன்னல்களெல்லாம் நான் பார்த்தறியாத ஊரின் சன்னல்கள்.

எப்படியும் அவள் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை துணி போட்டிருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. என் பேச்சை அவள் எப்போது கேட்டிருக்கிறாள்?

6

பன்னிரண்டாம் நாள் ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று வசந்தாவுடையது, பென்சிலில், கோணல் எழுத்தில், தமிழில். அதைப் பார்த்ததும் சிவகாமி தரையில் உட்கார்ந்து அழுதாள். எழுத்து இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறாள்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலையில் துவைத்து, காற்றில் துணியைப் போட்டிருக்கிறாள். பிற்பகல் இருட்டுவதற்கு முன் புல்கரி எடுத்து வைக்கப் பின்வாசலுக்குப் போனவள், படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்துவிட்டாள். கணுக்கால் முறிந்தது, தலையில் அடி. தவழ்ந்து சமையலறை வரை வந்தவளுக்கு அங்கே நினைவு தப்பிவிட்டது. அடுப்பு அணைந்தது. கூப்பிட்டாலும் அந்தக் காற்றில் யாருக்கும் கேட்காது. வீடு இருட்டாக இருந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பிரசவம் பார்க்க ராத்திரியில் போகிற தாதி வீட்டில் விளக்கு எரியாதது அங்கே வழக்கம்.

மறுநாள் ஊர் கோயிலுக்குப் புறப்பட்டது. வழியில் கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. சிலர் தலையை ஆட்டிக்கொண்டே கடந்து போனார்கள். கேட்டி மட்டும் நின்றாள்.

இரண்டாவது கடிதம் அவளுடையது. கேலிக்கில் அவள் சொல்ல, பள்ளிக்கூட வாத்தியார் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மல்லிகா படித்துச் சொன்னாள். 'வசந்தாவின் தகப்பனார் வைத்திலிங்கம் அவர்களுக்கு. ஏழு மாதமாக உங்கள் மகள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. விளக்கு ஏற்றும் முன் கொடி காலியாக இருக்கும். நான் சன்னலிலிருந்து பார்ப்பேன். அதனால் அவள் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நோயாளிகளைப் பார்க்க அவள் எடுத்துப் போகும் காரும் வாசலிலேயே நின்றது. போய்க் கதவைத் திறந்தேன். இப்போது நன்றாக இருக்கிறாள். சூப்பு குடிக்கிறாள்.'

கேட்டி எழுதாத ஒன்றை வசந்தா எழுதியிருந்தாள். டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, வசந்தாவைக் கம்பளியில் சுற்றி, அடுப்பை மூட்டியபின், அந்த அம்மாள் வெளியே போயிருக்கிறாள். கோயில் முடிந்து ஊர் திரும்பி வருவதற்குள், கொடியில் கிடந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து உள்ளே வைத்திருக்கிறாள். வசந்தாவை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று. எழுபத்தோரு வயதில், ஞாயிற்றுக்கிழமை கொடியில் கை வைத்தது அவள் வாழ்க்கையில் அது ஒரு தடவைதானாம். பின்னால் கோயில் மூப்பர் வந்து கேட்டதற்கு, "அது நோயாளி வீட்டு வேலை," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாளாம்.

மல்லிகா படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க பயந்து எழுதலைன்னா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. நான் முகம் கழுவப் போய்விட்டேன்.

7

அதெல்லாம் போன வருஷத்துக் கதை. சிங்கப்பூர் தனி நாடாகிவிட்டது, நாங்கள் புக்கிட் மேராவுக்கு வந்துவிட்டோம், வசந்தாவின் கணுக்காலும் கூடிவிட்டது. குளிர் நாளில் மட்டும் வலிக்கிறதாம். அங்கே எல்லா நாளும் குளிர் நாள்தானே என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

இப்போது இந்தக் கடிதம். அவளுடைய பழைய பாஸ்போர்ட், இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு நாட்டின் பாஸ்போர்ட் ஆகிவிட்டதால், புதிதாக வாங்கப் பிறப்புப் பத்திர நகல் வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீசாக ஏறினேன். கடைசிக் கவுண்டரில் இருந்த இளம்பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, "மக எப்ப திரும்பி வர்றாங்க அங்கிள்? இதுல எழுதணும் லா," என்றாள். கட்டத்துக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. தெரியவில்லை என்று எழுதினால் ஏற்பார்களா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, காலியாக விடச் சொன்னாள்.

அன்று மாலையே 'உடனே புறப்பட்டு வா' என்று ஒரு கடிதம் எழுதினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான்கு நாள் திரிந்தேன். தபால்பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் கை பைக்குப் போகும், திரும்பி வந்துவிடும். அவள் அங்கே செத்துப்போவாள், ஒருவரும் வரமாட்டார்கள் என்று மூன்று வருஷம் பயந்தேன். இப்போது பயம் வேறு மாதிரி. அவள் அங்கே நன்றாக இருப்பாள், எல்லாரும் வருவார்கள், அதனால் அவள் இங்கே வரவே மாட்டாள். இந்தப் பயத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? மகள் நன்றாக இருக்கக் கூடாது என்றா வேண்டிக்கொள்வது?

வெள்ளிக்கிழமை சட்டை துவைக்கப் போன சிவகாமி பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவ வரலாமான்னு கேக்கலை. இருக்கலாமான்னு கேக்கறா."

"இருந்துட்டா?"

"இருந்துட்டா நமக்குத்தான் கஷ்டம். எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்குக் கதவைத் தட்டினாங்கன்னு சொன்னீங்களே கீழ்வீட்டம்மா, அவங்க பேரு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. நமக்கு ஒண்ணுன்னா அவங்கதான் வருவாங்க. வந்தாங்கள்ல?" என்றாள்.

எழுந்துபோய் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பயந்தாங்கொள்ளிக்குத் திடீரென்று தைரியம் வந்துவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்குச் சனிக்கிழமை. பிறப்புப் பத்திரத்தை உறையில் வைத்துவிட்டு, புதிதாக ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். இரு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வா என்று எழுத முகமில்லை. வெகுநேரம் கழித்து இவ்வளவுதான் எழுத முடிந்தது.

'வசந்தா, சனிக்கிழமை இருட்டுவதற்குள் துணியை எடுத்துவிடு. எடுத்த கையோடு கேட்டியின் கொடியையும் பார். அவளுக்கும் வயதாகிறது. துணி அப்படியே கிடந்தால் உடனே போ.'